சென்னீர்குப்பம் கிராமமா, நகரமா?

சென்னீர்குப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், சென்னைவாசிகளான நம்மில் பாதிப் பேர் விழிப்போம். மாங்காட்டுக் காமாட்சியைத் தெரியும். திருவேற்காட்டுக் கருமாரியம்மனைத் தெரியும். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூந்தமல்லியைத் தெரியும். ஆனால் இந்த க்ஷேத்திரங்களுக்கெல்லாம் கூப்பிடு தூரத்தில், பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில், சென்னீர்குப்பம் என்று ஓர் ஊர் இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவு. பஸ் ஜன்னலில் தலை சாய்த்துக் கண் அயர்கிற நேரத்தில் அது கடந்து போய்விடும்.

இந்தத் தடவை கண்ணயராமல் வாருங்கள். கோயில், குளம் பார்ப்பதற்காக உங்களை நாம் அழைக்கவில்லை. ஒரு வேடிக்கையான கேள்விக்கு விடை தேடத்தான் அழைக்கிறோம். ரயில் வந்து சேர்கிற ஒரு புறநகரைச் சட்டம் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதே அந்தக் கேள்வி. சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! உங்கள் வீட்டுப் பத்திரம், வாடகைக் கடை, மாடியில் கட்ட நினைத்திருக்கும் அறை எல்லாம் இதற்குள் அடங்கியிருக்கின்றன.

தலைக்கு மேலே தண்டவாளம்

முதலில் பூந்தமல்லிக்கு வருவோம். போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி, கரையான்சாவடி என்று சாலையோடு வந்தால், நடுச்சாலையில் வரிசையாகத் தூண்கள் நிற்பதையும், அவற்றின் மேல் பாதை ஓடுவதையும் காணலாம். சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் நான்காவது தடம் இது. மெரீனா கலங்கரை விளக்கத்தில் புறப்பட்டுப் பூந்தமல்லி புறவழிச்சாலை வரையில் சுமார் 26 கிலோ மீட்டர் நீளம். கடற்கரைப் பக்கம் பூமிக்கு அடியில் போகிறது. கோடம்பாக்கம் தாண்டியதும் தலையை வெளியே நீட்டி, தூண்களின் மேல் ஏறிக்கொள்கிறது.

2020 நவம்பரில் இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மத்திய மந்திரிசபை முறையாக ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில். மூன்று தடங்களும் சேர்ந்து ஏறத்தாழ 119 கிலோ மீட்டர். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அடேயப்பா! 2025 மார்ச் 20-ஆம் தேதி பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை ஒரு வண்டியை ஓட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். ‘ஓட்டி’ என்றா சொன்னோம்? ஓட்டுநர் இல்லாமலே போகும்படி செய்யப்பட்ட வண்டி அது. ஒரு காலத்தில் பூந்தமல்லிக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போன பாட்டிமார்கள் இருந்தால் மூக்கில் விரலை வைத்திருப்பார்கள்.

இந்தத் தடத்தின் எல்லை நிலையமும், வண்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் பணிமனையும் பூந்தமல்லியில்தான். அங்கிருந்து வடக்கே ஆவடிச் சாலையில் திரும்பினால், இதோ சென்னீர்குப்பம்! ஒரு பக்கம் பட்டறைகள், கிடங்குகள், லாரிகள். இன்னொரு பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகள். நடுவே வாசலில் கோலம் போட்ட பழைய ஓட்டு வீடுகள். கிராமம் என்றால் கிராமம், நகரம் என்றால் நகரம். பார்க்கிற நமக்கு இந்தக் குழப்பம் வேடிக்கைதான். ஆனால் சட்டத்துக்கு வேடிக்கை பார்க்க நேரமில்லை. அது ஒவ்வொரு தடவையும், “நீ கிராமமா, நகரமா?” என்று கேட்டுத்தான் காரியத்தைத் தொடங்குகிறது.

டிராம் போன கதை

பழைய காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. சென்னையில் மின்சார டிராம் 1895-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. அந்த நாளில் டிராம்களுக்கென்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. டிராம் என்பது பொதுச் சாலையிலேயே தண்டவாளம் பதித்து ஓடுகிற வண்டி. ஆகவே அந்தச் சட்டம், சாலைக்கு உரிய உள்ளூர் சபையின் சம்மதத்துக்கு முக்கிய இடம் தந்தது. தண்டவாளம் போட்டவர்களே அதை ஒட்டிய சாலையைச் செப்பனிட்டு வைக்கவேண்டும் என்றும் விதித்தது. 1953 ஏப்ரல் மாதத்தில் சென்னை டிராம் நின்றுபோயிற்று. பூந்தமல்லிப் பக்கத்து ஜனங்களுக்கு அதன் பிறகு பஸ்ஸே கதி.

மெட்ரோவுக்கு வேறு சட்டம். கல்கத்தாவில் பூமிக்கு அடியில் ரயில் விடுவதற்காக, 1978-ல் மெட்ரோ ரயில்வேக்கள் கட்டுமானச் சட்டம் பிறந்தது. பின்னர் டில்லி மெட்ரோவுக்காக 2002-ல், ரயிலை நடத்துவது பற்றிய இன்னொரு சட்டம் வந்தது. முதலாவது, ரயில் கட்டுவதற்கு. இரண்டாவது, கட்டிய ரயிலை ஓட்டுவதற்கு. இரண்டும் பெருநகரங்களை நினைத்து எழுதப்பட்டவை.

2009-ல்தான் நம் கதைக்கு வேண்டிய திருப்பம் நேர்ந்தது. அந்த ஆண்டு செய்த திருத்தத்தில், ‘பெருநகரம்’ என்பதோடு ‘பெருநகரப் பகுதி’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். பார்ப்பதற்குச் சின்ன ஒட்டுத்தான். ஆனால் நம் அரசியல் சாசனத்தின்படி, பெருநகரப் பகுதி என்றால் பத்து லட்சம் பேருக்கு மேல் வசிக்கிற, பல நகரசபைகளும் பஞ்சாயத்துக்களும் அடங்கிய வட்டாரம். ஆக, பஞ்சாயத்தும் உள்ளே வந்துவிட்டது! சென்னைப் பெருநகரப் பகுதியின் பழைய 1,189 சதுர கிலோ மீட்டரில் பத்துப் பஞ்சாயத்து யூனியன்களைச் சேர்ந்த 214 கிராமங்கள் இருந்தன. பூந்தமல்லி யூனியன் அவற்றில் ஒன்று. 2022-ல் அந்தப் பரப்பை 5,904 சதுர கிலோ மீட்டராகப் பெருக்கினார்கள். நெல் வயலும் ஏரியுமாக இருக்கிற எத்தனையோ ஊர்கள் இன்று மெட்ரோ சட்டத்தின் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஒரே தெரு, இரண்டு கணக்கு

ரயிலுக்கு நிலம் வேண்டும். பாதை சாலையின் மேலேயே போனாலும், நிலையத்துக்கும் படிக்கட்டுக்கும் பணிமனைக்கும் பக்கத்து மனைகள் வேண்டும். இங்கேதான் ‘கிராமமா, நகரமா’ என்ற கேள்வி ரூபாய், அணா, பைசாவாக மாறுகிறது.

நில எடுப்புக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நஷ்ட ஈட்டுக் கணக்கை வைத்திருக்கிறது. முதலில் நிலத்தின் சந்தை மதிப்பைக் காண்பார்கள். நகரமானால் அதை ஒன்றால் பெருக்குவார்கள். அதாவது அப்படியே வைத்துக்கொள்வார்கள். கிராமமானால், நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பார்த்து, ஒன்று முதல் இரண்டு வரையில் சர்க்கார் நிர்ணயித்த எண்ணால் பெருக்குவார்கள். நிலத்தின் மேல் இருக்கும் வீடு, மரம், கிணறு ஆகியவற்றின் மதிப்பையும் சேர்ப்பார்கள். வந்த தொகைக்குச் சமமாக இன்னொரு பங்கை ஆறுதல் தொகையாகக் கூட்டுவார்கள்.

நம் வீட்டுக் கணக்கு நோட்டில் போட்டுப் பார்ப்போம். வெறும் மனை, மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரம் என்றால் 10 லட்சம், ஆறுதல் 10 லட்சம், ஆக 20 லட்சம். கிராமம் என்று கொண்டு, பெருக்கும் எண் 1.25 என்று பாவித்தால், பன்னிரண்டரையும் பன்னிரண்டரையும் 25 லட்சம். தெருவின் இந்தப் பக்கம் நகரசபை, அந்தப் பக்கம் பஞ்சாயத்து என்றிருந்தால், எதிரெதிர் வீட்டு அம்மாள்கள் இருவருக்கும் ஐந்து லட்சம் வித்தியாசம்!

அதோடு புறநகரின் அந்தஸ்தும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பக்கத்து ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆயிற்று. இன்றைக்குப் பஞ்சாயத்தாக இருக்கிற ஊர் நாளை நகரத்தோடு சேரும். சேர்ந்தால் விளக்கு வரும், குழாய் வரும் என்று சந்தோஷப்படுகிறோம். நியாயந்தான். ஆனால் நில எடுப்புச் சமயத்தில் நம் மனை எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சந்தை மதிப்பை எப்படிக் காண்கிறார்கள் தெரியுமா? சர்க்காரின் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். சுற்றுவட்டாரத்தில் கடந்த மூன்று வருஷங்களில் பதிவான கிரயப் பத்திரங்களில், அதிக விலை போட்ட பாதிப் பத்திரங்களின் சராசரி மறுபக்கம். இரண்டில் எது அதிகமோ அதுவே மதிப்பு. “ஸ்டாம்புச் செலவு மிச்சம்” என்று பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுகிறார்களே, அந்த மிச்சம் எங்கே போய் முடிகிறது பார்த்தீர்களா? நாம் குறைத்து எழுதியது பக்கத்து வீட்டாரின் நஷ்ட ஈட்டைக் குறைக்கிறது. அவர்கள் குறைத்து எழுதியது நம்முடையதைக் குறைக்கிறது.

எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள்?

“மெட்ரோ சட்டம் என்கிறீர்கள், 2013 சட்டம் என்கிறீர்கள், எதைப் பிடித்துக்கொள்வது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1978-ஆம் ஆண்டு மெட்ரோ சட்டத்திலேயே நிலம் எடுக்க வழி உண்டு. அதன்படி கெஜட்டில் அறிவிப்பு வெளியான 21 நாட்களுக்குள், அந்த நிலத்தில் பாத்தியதை உள்ளவர்கள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். அதிகாரி அவர்களை நேரில் கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலோ சென்னை மெட்ரோவுக்குப் பெரும்பாலும் கையாண்டது 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம். இதில் கலெக்டர் முதலில், “உங்கள் நிலத்தை ஏன் எடுக்கக்கூடாது? காரணம் சொல்லுங்கள்” என்று நோட்டீஸ் அனுப்புவார். விலையைப் பேசி உடன்படிக்கையாக முடித்துக்கொள்ளவும் இடம் உண்டு. உடன்பாடு ஏற்படாவிட்டால் தொகையைக் கலெக்டர் நிர்ணயிப்பார்.

இந்தச் சட்டத்தின் மேலேயே ஒரு பெரிய வழக்கு நடந்தது. 2013 சட்டம் வந்த பிறகு பழைய மாநிலச் சட்டம் செல்லுமா என்பது கேள்வி. 2019-ல் சென்னை ஹைகோர்ட் செல்லாது என்றது. அதே வருஷம் சட்டசபை புதிய சட்டம் இயற்றி அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லும் என்று தீர்த்தது. இத்தனைக்கும் நடுவில் சாதாரணக் குடும்பத்துக்கு மிஞ்சிய ஆதாயம் ஒன்று உண்டு: எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தாலும், நஷ்ட ஈட்டையும் மறுவாழ்வையும் 2013 சட்டத்தின் அட்டவணைகளின்படி கணக்கிட வேண்டும். இதை மட்டும் முடிந்துவைத்துக்கொண்டால் போதும்.

சொந்த வீடு இல்லாதவர்கள்

பட்டா உள்ளவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோமே, வாடகைக் கடையில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? 2013 சட்டம் அவர்களையும் மறக்கவில்லை. நிலம் சொந்தமில்லாவிட்டாலும், மூன்று வருஷங்களாக அந்த இடத்தை நம்பிப் பிழைத்திருந்தால் அந்தக் குடும்பமும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’தான். சிறு வியாபாரிக்கும் கைத்தொழில் செய்பவருக்கும் குறைந்தது 25,000 ரூபாய். வீடு பெயர்ந்து போக நேர்ந்த குடும்பத்துக்குச் சாமான்களை ஏற்றிச் செல்ல 50,000. ஒரு வருஷத்துக்கு மாதம் 3,000 என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. இன்றைய விலைவாசிக்கு இது போதுமா என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ஆனால் கேட்டு வாங்காவிட்டால் இதுவும் இல்லை.

சகோதரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒரு வரி அதில் இருக்கிறது. விதவைகள், விவாகரத்தானவர்கள், குடும்பத்தாரால் கைவிடப்பட்ட பெண்கள் ஆகியோரைத் தனித்தனிக் குடும்பமாகவே கொள்ளவேண்டும் என்கிறது சட்டம். அண்ணன் வீட்டின் பின்கட்டில் இட்லி வியாபாரம் செய்து காலந்தள்ளுகிற தங்கை, அண்ணனுடைய கணக்கில் ஒரு தலையாக மறைந்துபோகத் தேவையில்லை. கணக்கெடுக்க வருகிறவர்களிடம், “நான் தனிக் குடும்பம்” என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. சொல்லத்தான் தைரியம் வேண்டும். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

பூந்தமல்லியில் பூ விற்கிற ஒரு பாட்டியிடம், “ரயில் வந்தால் உங்களுக்கு நல்லதுதானே?” என்று கேட்டோம்.

“நல்லதுதான் கண்ணு. இறங்குற ஜனமெல்லாம் ஒரு முழம் வாங்குனாப் போதாதா? ஆனா அதுவரைக்கும் கூடையை எங்கே வைக்கிறது?” என்றாள்.

நடைபாதை வியாபாரிகளுக்கென்று 2014-ல் ஒரு சட்டம் வந்தது. முப்பது நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அவர்களை அப்புறப்படுத்தக்கூடாது. ஊர் விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆனால் இங்கேயும் அதே பழைய கேள்விதான்! மாநகராட்சி, நகரசபை, பேரூராட்சி போன்ற நகர்ப்புறங்களை நினைத்து எழுதிய சட்டம் இது. பூந்தமல்லி நகரசபை எல்லைக்குள் கூடை வைத்த பாட்டிக்குக் கிடைக்கிற பாதுகாப்பை, பஞ்சாயத்து எல்லைக்குள் கூடை வைத்தவள் அப்படியே கோருவது கடினம். மனைக்கு நஷ்ட ஈடு என்றால் கிராமமாக இருப்பது லாபம். பூக்கூடைக்கு நகரமாக இருப்பது லாபம். புறநகருக்கு ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே!

பிற தேசத்தில் எப்படி?

லண்டனுக்குத் தெற்கே குராய்டன் என்ற புறநகர் இருக்கிறது. அங்கே சாலையிலும் பழைய ரயில் பாதையிலுமாக ஓடும் இலகு ரயில் 2000-ஆம் ஆண்டில் வந்தது. அந்த ஒரு திட்டத்துக்காகப் பார்லிமெண்டில் 1994-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள். தடத்துக்கு ஒரு சட்டம் என்ற வழக்கம் சிரமமாக இருந்ததால், பொது முறை ஒன்றை 1992-ல் வகுத்திருந்தார்கள். அதன்படி மனுச் செய்த பின் ஆட்சேபிக்க 42 நாள் அவகாசம். தேவையானால் பகிரங்க விசாரணை.

நம் நாட்டிலும் இலகு ரயிலை யோசிக்காமல் இல்லை. பெரிய மெட்ரோ கட்டுப்படியாகாத இடங்களுக்காக ‘மெட்ரோலைட்’ என்ற சிறிய ரயிலின் இலக்கணத்தை 2019-ல் மத்திய சர்க்கார் வெளியிட்டது. தாம்பரம்–வேளச்சேரி மார்க்கத்துக்கு அப்படி ஒன்றைப் பற்றிச் சென்னையிலும் ஆராய்ந்தார்கள். தரையோடு ஓடக்கூடிய ரயில் அது. ஆனால் பழைய டிராம் மாதிரி நாம் குறுக்கே நடந்து போக முடியாது, இரு பக்கமும் வேலி. தூண் மேல் ரயில் போனால் நிழல் விழும். தரை மேல் போனால் தெரு இரண்டாகும். எது வந்தாலும் தெருவாசிகள் முன்கூட்டியே பேசவேண்டிய விஷயம்.

ரயில் வந்த பிறகும் சட்டம் போகாது

பாதை போட்டு முடித்ததும் ரயில் விட்டுவிட முடியாது. பாதுகாப்பு ஆணையர் வந்து சோதித்துச் சொல்லவேண்டும். அவர் ரயில்வே இலாகாவைச் சேர்ந்தவர் அல்ல. விமானப் போக்குவரத்து இலாகாவின் கீழ் இருப்பவர்! சமைத்தவரே ருசி பார்த்துச் சபாஷ் போட்டுக்கொள்ளக்கூடாது என்ற ஏற்பாடு.

முதல் கட்டணத்தை ரயில் நிர்வாகம் வைக்கலாம். பிறகு மாற்றுவதற்கு ஹைகோர்ட் நீதிபதியையோ ஓய்வு பெற்றவரையோ தலைவராகக் கொண்ட குழு சொல்லவேண்டும். தடத்துக்கு அருகில் கட்டடம் எழுப்புவதையும் பூமியைத் தோண்டுவதையும் தடுக்கவோ ஒழுங்கு செய்யவோ 1978 சட்டம் அதிகாரம் தருகிறது. பெண்ணின் கல்யாணத்துக்கு முன் மாடியில் ஓர் அறை, கோடைக்கு முன் ஓர் ஆழ்குழாய்க் கிணறு என்று திட்டம் போட்டிருக்கும் இல்லத்தரசிகள், தடம் அருகில் போகிறதானால், கொத்தனாரைக் கூப்பிடுமுன் அனுமதியைப் பற்றி விசாரித்துவிடுங்கள்.

இந்தத் தடத்துக்கு ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி கடன் கொடுத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் புகாரைக் கேட்க ஓர் ஏற்பாடு இருக்கவேண்டும் என்பது அந்த வங்கியின் விதி. மெட்ரோ அலுவலகத்துக்குப் புகார் எழுதினால் யாரோ தயவில் செய்கிற காரியம் என்று கூச வேண்டாம். கேட்க அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

பூந்தமல்லியோடு பயணம் முடிந்துவிடப் போவதும் இல்லை. சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை தடத்தை நீட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்த வழியெங்கும் இன்னும் எத்தனையோ சென்னீர்குப்பங்கள் இருக்கின்றன. ரயில் வரட்டும். வேலைக்குப் போகும் பெண்கள் கூட்ட நெரிசலில் தொங்காமல் வீடு திரும்ப அது உதவும். ஆனால் ரயில் வரும் ஊரில் குடியிருப்பவர்கள் நாலு காரியம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்க சர்ட்டிபிகேட் மூன்றிலும் பெயரும் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ரசீதையும் மின்சாரச் சீட்டையும் மூன்று வருஷத்துக்காவது சேர்த்து வையுங்கள். கணக்கெடுக்க வந்தால் வீட்டிலுள்ள பெண்களின் பெயரைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். நோட்டீஸ் வந்தால் தேதியைக் காலண்டரில் குறித்து, பதிலை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

சென்னீர்குப்பம் கிராமமா, நகரமா என்பதைச் சர்க்கார் தாள்கள் தீர்மானிக்கட்டும். அதன் வாசற்படியில் நின்று, “எங்கள் வீடு எந்தக் கணக்கில் இருக்கிறது, ஐயா?” என்று அதிகாரியைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அடுத்த தடவை மாங்காட்டுக்கோ திருவேற்காட்டுக்கோ போகும்போது, அந்தப் பக்கத்தில் குடியிருக்கும் உறவினர் யாராவது இருந்தால், பிரசாதத்தோடு இந்தச் சமாசாரத்தையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.